'வராதே' என்று யார் சொல்வது: பேசில் டொலிவெராவும் 1968-ம்

கேள்வி இது: 1968-ல் ஓவல் மைதானத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 158 ரன் அடித்த பேசில் டொலிவெராவை, அந்த டெஸ்ட் முடிந்த அடுத்த நாளே இங்கிலாந்தின் தென்னாப்பிரிக்கப் பயண அணியில் சேர்க்காமல் விட்டது ஏன்? நிறத்துக்காகவா, ஆட்டத்துக்காகவா? அந்த ஒரு இன்னிங்ஸ்தான் தென்னாப்பிரிக்காவைக் கிரிக்கெட்டிலிருந்து வெளியே தள்ளியது என்கிறார்களே, சரியா?

சுருக்கமாக முதலில் சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்க அரசுக்கு டொலிவெரா வரக்கூடாது. ஆனால் 'வராதே' என்று தன் வாயால் சொல்லவும் அதற்கு விருப்பமில்லை. அந்தச் சொல்லை டொலிவெராவையே சொல்லவைக்கப் பார்த்தார்கள், அவர் சொல்லவில்லை. இங்கிலாந்து கிரிக்கெட்டை நடத்திவந்த எம்.சி.சி. சொன்னது. பிறகு இன்னொரு ஆட்டக்காரரின் தோள்பட்டை வலியால் அது தலைகீழாகி, கடைசியில் தென்னாப்பிரிக்கப் பிரதமர் ஃபோர்ஸ்டரே உலகம் கேட்கும்படி அதைச் சொல்லவேண்டியதாயிற்று. 158 ரன் இல்லாமல் இது நடந்திருக்காது. ஆனால் அந்த ரன்னுக்கு முன்னும் பின்னும் நடந்ததைப் பார்க்காமல் 158-ஐ மட்டும் பிடித்துக்கொண்டால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

இனி விரிவாக.

டொலிவெரா பிறந்தது 1931 அக்டோபர் 4, கேப் டவுன் நகரின் சிக்னல் ஹில் சரிவில். தென்னாப்பிரிக்கச் சட்டம் அவரைக் 'கலர்ட்', அதாவது கலப்பினத்தவர் என்ற பட்டியலில் வைத்தது. 1950-ல் வந்த மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் ஒவ்வொருவருக்கும் ஓர் இனமுத்திரை குத்தியது. அதே ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டம் யார் எந்தத் தெருவில் குடியிருக்கலாம் என்று வகுத்தது. கிரிக்கெட்டில் 'வெள்ளையர் மட்டும்' என்று தனியாக ஒரு சட்டம் இருந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். அதற்குத் தேவையே இருக்கவில்லை. மைதானம், கிளப், ரயில் பெட்டி, கழிப்பறை எல்லாம் பிரிந்துகிடக்கும்போது ஒரே அணியில் இருவர் சேர்ந்து ஆட வழி ஏது? வெள்ளையர் சங்கம் தேர்ந்தெடுத்த அணியே 'தென்னாப்பிரிக்கா' என்ற பெயரில் டெஸ்ட் ஆடியது. மற்றவர்கள் கலப்பினத்தவர், இந்தியர், மலாய், கறுப்பர் என்று தனித்தனிச் சங்கங்களாகக் கிடந்து, 1947-ல்தான் ஒரு பொது வாரியத்தின் கீழ் வந்தார்கள். கேப் டவுனின் நியூலண்ட்ஸ் மைதானத்தில் டெஸ்ட் நடந்தால், கம்பிவேலி போட்ட தனி மூலையில் இருந்து பார்க்க மட்டும் டொலிவெராவுக்கு அனுமதி உண்டு.

அவர் ஆட்டத்தைப் புரிந்துகொள்ள அவர் ஆடிய தரையைப் பார்க்கவேண்டும். புல்தரை கிடையாது. சரளை மண்ணில் கல் பொறுக்கி, சமன் செய்து, அதன்மேல் பாய் விரித்து, ஓரங்களை முளையடித்து இழுத்துக் கட்டுவார்கள். பாய் ஓர் இடத்தில் தொய்ந்தாலோ, அடியில் ஒரு கல் மிஞ்சினாலோ, நல்ல அளவில் விழுந்த பந்து முகத்துக்கு வரும். இப்படிப்பட்ட இடத்தில் முன்காலை நீட்டி ஆடுகிறவன் நிலைக்கமாட்டான். பின்காலில் போய், பந்து எழும்பிய பிறகு கடைசி நொடியில் அடிக்கவேண்டும். மட்டையை உயரமாக ஓங்க நேரம் இருக்காது. டொலிவெராவின் மட்டை கொஞ்சம்தான் பின்னால் போகும், வலு முழுக்க முன்கையில் இருந்து வரும். இங்கிலாந்தில் பார்த்தவர்கள் வியந்த அந்தச் சிறிய ஓங்கல் இந்தச் சரளைத் தரை கொடுத்தது.

1956-ல் கென்ய ஆசியர் அணிக்கு எதிராக வெள்ளையரல்லாத தென்னாப்பிரிக்க அணிக்கு அவர்தான் தலைவர். 1958-ல் கிழக்கு ஆப்பிரிக்கப் பயணத்துக்கும் தலைமை வகித்தார். 1959-ல் ஃபிராங்க் வொரல் தலைமையில் மேற்கிந்திய அணி ஒன்று வந்து இவர்களோடு ஆடுவதாக இருந்தது. 'வெள்ளையரல்லாதவரோடு மட்டும் ஆட ஒப்புக்கொண்டால் பிரிவினையை நாமே ஏற்றதாகிவிடும்' என்று எதிர்ப்பு எழுந்து பயணம் நின்றது. கொள்கையாகப் பார்த்தால் அந்த எதிர்ப்பில் தவறில்லை. ஆனால் 27 வயதில், தன் நாட்டிலேயே ஒரு பெரிய அணியோடு மோதும் ஒரே வாய்ப்பையும் இழந்தவனின் நிலையையும் நினைத்துப் பார்க்கவேண்டும். அவருக்கு இனி நாட்டைவிட்டுப் போவது ஒன்றுதான் வழி.

போக உதவியவர் ஆங்கில வர்ணனையாளர் ஜான் ஆர்லட். 1948-ல் தென்னாப்பிரிக்கா போனபோது குடியேற்றப் படிவத்தில் 'இனம்' என்ற இடத்தில் 'மனித இனம்' என்று எழுதியவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். முன்பின் தெரியாத அவருக்கு டொலிவெரா பச்சை மையில் கடிதம் எழுதினார்: இங்கிலாந்தில் ஏதாவது ஒரு கிளப்பில் இடம் கிடைக்குமா? ஆர்லட் பல இடங்களில் கேட்டார். ஒருவருடைய ஆட்டத்தை யாரும் பார்த்ததில்லை, அவர் ஆடியதெல்லாம் பாய்த்தரை. யார் எடுப்பார்கள்? 1960 சீசனுக்கு மத்திய லங்காஷயர் லீகின் மிடில்டன் கிளப்புக்கு வருவதாக இருந்த மேற்கிந்திய வேகப்பந்து வீச்சாளர் வெஸ் ஹால் வராமல் போனதால் கடைசி நேரத்தில் ஓர் இடம் காலியானது. சீசன் முழுவதற்கும் 450 பவுண்டு. விமானச் செலவையும் குடும்பச் செலவையும் கழித்தால் மிச்சம் எதுவுமில்லை. பத்திரிகையாளர் பென்னி பன்ஸ்டா முன்னின்று கேப் டவுனில் நிதி திரட்டினார். மக்கள் சில்லறை சில்லறையாகக் கொடுத்த காசில்தான் டொலிவெரா விமானம் ஏறினார்.

முதல் வாரங்கள் மோசம். ஈரமான ஆங்கிலப் புல்தரையில் பந்து தாழ்ந்தும் தாமதித்தும் வரும். பாய்த்தரையில் பழகிய கை முன்கூட்டியே அடித்துவிடும், பந்து மேலே எழும்பிக் கைக்குப் போய்விடும். அவர் செய்தது ஒரே திருத்தம்தான்: இன்னும் காத்திருந்து, பந்து வந்த பிறகு ஆடினார். சீசன் முடியும்போது லீகின் பேட்டிங் சராசரிப் பட்டியலில் அவர் பெயர் முதலிடத்தில் இருந்தது. அதே லீகில் ராட்கிளிஃப் கிளப்புக்கு ஆடிய கேரி சோபர்ஸ் அவருக்குக் கீழே. டொலிவெரா எடுத்தது மொத்தம் 930 ரன், 71 விக்கெட்.

பிறகு இங்கிலாந்து பேட்ஸ்மேன் டாம் கிரேவனியின் தூண்டுதலில் வூஸ்டர்ஷயர் கவுண்டி (மாவட்ட) அணிக்கு வந்தார். 1965-ல் கவுண்டி சாம்பியன்ஷிப்பில் முதல் ஆட்டத்திலேயே எசெக்ஸுக்கு எதிராகச் சதம், அந்த ஆண்டு கோப்பையும் வூஸ்டருக்கே. 1966 ஜூனில் லார்ட்ஸில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக டெஸ்ட் அறிமுகம். 27 ரன்னில் ரன் அவுட். 1967-ல் லீட்ஸில் இந்தியாவுக்கு எதிராக 109, அதுதான் முதல் டெஸ்ட் சதம். அதே இன்னிங்ஸில் 246 அடித்த பாய்காட், மெதுவாக ஆடினார் என்று அடுத்த டெஸ்டிலிருந்து நீக்கப்பட்டதால் நம் பக்கத்தில் அந்த ஆட்டத்தைப் பாய்காட்டுக்காகவே நினைவில் வைத்திருக்கிறார்கள்.

இங்கே வயது விஷயத்தைச் சொல்லாமல் போகமுடியாது. டொலிவெரா இங்கிலாந்தில் தன் வயதைக் குறைத்துத்தான் சொல்லியிருந்தார். டெஸ்ட் அறிமுகத்தின்போது உண்மையில் 34 முடிந்திருந்தது. அது தெரிந்திருந்தால் தேர்வாளர்கள் தொட்டிருக்கமாட்டார்கள். இதைப் பொய் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் அவருடைய இருபதுகளை முழுதாக எடுத்துக்கொண்டது அவர் பிறந்த நாடு, அந்த ஆண்டுகளை அவர் திரும்ப எடுத்துக்கொண்டார் என்றுதான் நான் பார்க்கிறேன். அவர் எண்களைப் படிக்கும்போது இதை மறக்கக்கூடாது. 44 டெஸ்ட், 2,484 ரன், சராசரி 40.06, 5 சதம், 47 விக்கெட். இவை முழுக்க 34 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையில் எடுத்தவை.

இனி 1968. பின்னணியில் ஒரு பழைய வழக்கம் இருந்தது. நியூசிலாந்து ரக்பி அணி தென்னாப்பிரிக்கா போகும்போதெல்லாம் தன் பூர்வகுடிகளான மாவோரி ஆட்டக்காரர்களை வீட்டில் விட்டுவிட்டுப் போகும்: 1928, 1949, 1960. தென்னாப்பிரிக்கா சத்தமில்லாமல் எதிர்பார்க்கும், விருந்தாளி சத்தமில்லாமல் இணங்கிவிடுவார். 1967-ல் நியூசிலாந்து இனி அப்படி வரமுடியாது என்று பயணத்தை ரத்து செய்தது. கிரிக்கெட்டிலும் இந்த வாடை பழையதுதான். 1929-ல் தென்னாப்பிரிக்கா இங்கிலாந்து வந்தபோது, இங்கிலாந்து அணியில் இருந்த இந்தியரான துலீப்சிங்ஜி முதல் டெஸ்டில் ஆடி, மற்ற நான்கில் காணாமல் போனார். விருந்தினர்களின் மனத்தாங்கலே காரணம் என்று அப்போதிருந்தே பரவலாக நம்பப்படுகிறது.

ஃபோர்ஸ்டர் 1967 ஏப்ரலில் நாடாளுமன்றத்தில், வெளிநாட்டு அணிகளில் யார் இருக்கிறார்கள் என்பதில் தாங்கள் தளர்வாக இருக்கக்கூடும் என்பதுபோலப் பேசினார். 'அரசியல் கேடு விளையாதவரை' என்ற வாலும் அதில் இருந்தது. 1968 ஜனவரியில் எம்.சி.சி. தென்னாப்பிரிக்கச் சங்கத்துக்கு எழுதிக் கேட்டது: எங்கள் அணித்தேர்வுக்கு நிபந்தனை எதுவும் உண்டா? வேண்டிய பதில் வரவில்லை. முன்னாள் பிரிட்டிஷ் பிரதமர் அலெக் டக்ளஸ்-ஹோம், ஃபோர்ஸ்டரைச் சந்தித்துவிட்டு வந்து, கேள்வியை அழுத்திக் கேட்காதீர்கள் என்று அறிவுரை சொன்னார். மார்ச்சில் எம்.சி.சி.-யின் முன்னாள் தலைவர் கோபம் பிரபு ஃபோர்ஸ்டரைச் சந்தித்தார். அவரிடம் ஃபோர்ஸ்டர் ஒளிக்கவில்லை: டொலிவெரா வந்தால் பயணம் இல்லை. கோபம் இதைக் கடிதமாக அனுப்பினார். அது செயலாளர் பில்லி கிரிஃபித், பொருளாளர் கப்பி ஆலன், தலைவர் ஆர்தர் கில்லிகன் ஆகிய மூவர் கையோடு நின்றது. முழுக் கமிட்டிக்குக் காட்டவில்லை. என் பார்வையில் மொத்த விவகாரத்தின் வேர் இந்தக் கடிதம்தான். அன்றே அதைக் கமிட்டி மேசையில் வைத்திருந்தால், மார்ச்சிலேயே பயணம் ரத்தாகியிருக்கும், ஒரு மனிதனை ஆறு மாதம் வதைத்திருக்கவேண்டியதில்லை.

டொலிவெராவின் பங்குக்கு அந்தக் குளிர்காலம் கைகொடுக்கவில்லை. மேற்கிந்தியப் பயணத்தில் ஐந்து டெஸ்டிலும் சேர்த்து 137 ரன், 3 விக்கெட். கேட்சுகளை நழுவவிட்டார், இரவுகளில் அதிகம் குடித்தார். இதை மறைக்கவேண்டியதில்லை. 'ஆட்டத்துக்காகத்தான் விட்டோம்' என்ற வாதத்துக்கு உண்மையான பிடி இருந்தது என்றால் அது இங்கேதான். ஆனால் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான 1968 ஆஷஸ் தொடரின் முதல் டெஸ்டில், ஓல்டு டிராஃபோர்டில், தோற்றுப்போன இரண்டாம் இன்னிங்ஸில் ஆட்டமிழக்காமல் 87 எடுத்தார். அடுத்த டெஸ்டில் அவரை நீக்கினார்கள். அந்த லார்ட்ஸ் டெஸ்ட் சமயத்தில் கிரிஃபித் தன்னிடம் வந்து, இங்கிலாந்துக்கு ஆட விருப்பமில்லை, தென்னாப்பிரிக்காவுக்கு ஆடவே விரும்புகிறேன் என்று அறிவித்துவிடேன் என்று யோசனை சொன்னதாக டொலிவெரா பின்னாளில் கூறினார். தென்னாப்பிரிக்காவில் அவரால் ஒரு கிளப் மைதானத்தில்கூட வெள்ளையரோடு ஆடமுடியாது என்பது சொன்னவருக்கும் தெரியும், கேட்டவருக்கும் தெரியும்.

அடுத்தது பணம். புகையிலை நிறுவன இயக்குநர் டீனி ஊஸ்டைஸன் அழைத்துப் பேசினார்: தென்னாப்பிரிக்காவில் பயிற்சியாளர் வேலை, ஆண்டுக்கு 4,000 பவுண்டு, பல ஆண்டு ஒப்பந்தம். ஒரே நிபந்தனை, அணி அறிவிக்கும் முன்பே 'நான் பயணத்துக்கு இல்லை' என்று சொல்லிவிடவேண்டும். ஒரு கவுண்டி ஆட்டக்காரர் வாங்கியதைப்போல அது சில மடங்கு. மனைவி, குழந்தைகள், 36 வயதில் எந்த நேரமும் முடியக்கூடிய ஆட்டவாழ்க்கை. அவர் யோசித்தார், தடுமாறினார், தன் முகவர் ரெக் ஹேட்டரிடம் கேட்டார், கடைசியில் மறுத்தார். இந்த மறுப்பைத்தான் 158-க்கு மேலாக நான் வைப்பேன். ஓவலில் தோற்றிருந்தால் ஒரு இன்னிங்ஸ் போயிருக்கும். இங்கே இணங்கியிருந்தால் ஃபோர்ஸ்டர் எண்ணியது ஒரு சொல்லும் சொல்லாமல் நிறைவேறியிருக்கும், உலகுக்கு எதுவும் தெரிந்திருக்காது.

ஓவல் டெஸ்டுக்கும் அவரை முதலில் எடுக்கவில்லை. ஆகஸ்ட் 22 தொடக்கம். அதற்கு முன் மாற்று மிதவேகப் பந்துவீச்சாளர்களாக நினைத்த கார்ட்ரைட்டும் பேரி நைட்டும் உடல்நிலையால் கிடைக்காமல் போக, டொலிவெராவைக் கையிருப்புக்குக் கூப்பிட்டார்கள். தொடக்க பேட்ஸ்மேன் ரோஜர் பிரிடோ நோயால் விலக, இடம் திறந்தது. டொலிவெரா 31-ல் இருந்தபோது ஆஸ்திரேலிய விக்கெட் கீப்பர் ஜார்மன் ஒரு கேட்சை விட்டார். அதன்பின் 158. சதம் அடித்த நாளில் ஊஸ்டைஸன் ஓவலுக்குத் தொலைபேசியில் அழைத்து, சரே கவுண்டிச் செயலாளர் ஜெஃப்ரி ஹவர்ட் மூலம் கிரிஃபித்துக்குச் செய்தி சொன்னார்: அவரை எடுத்தால் பயணம் கிடையாது.

கடைசி நாள் மழை கொட்டி மைதானம் குளமானது. பார்வையாளர்கள் இறங்கித் துணியாலும் போர்வையாலும் தண்ணீரை வழித்தார்கள். 75 நிமிடமே மிச்சம், ஐந்து ஆஸ்திரேலிய விக்கெட் எடுக்கவேண்டும். நாற்பது நிமிடம் ஒன்றும் நகரவில்லை. பந்தை டொலிவெராவிடம் கொடுத்தார் கேப்டன் கௌட்ரி. கேட்சை விட்ட அதே ஜார்மனை அவர் போல்டாக்கினார். அதன்பின் சுழற்பந்து வீச்சாளர் அண்டர்வுட் 27 பந்தில் நான்கு விக்கெட் எடுத்து முடித்தார். அந்தத் தொடரில் டொலிவெரா ஆடியது இரண்டே டெஸ்ட்: 9, ஆட்டமிழக்காமல் 87, 158, 9. சராசரி 87.66.

அன்று மாலையே தேர்வுக் கூட்டம். டக் இன்சோல் தலைமையில் பீட்டர் மே, டான் கென்யன், அலெக் பெட்ஸர், கேப்டன் கௌட்ரி. கூடவே, கோபம் கடிதத்தைப் படித்திருந்த மூவரும் அறையில் இருந்தார்கள். நள்ளிரவு தாண்டி நடந்தது. ஆகஸ்ட் 28 அன்று அணி வெளியானபோது டொலிவெரா பெயர் இல்லை. இன்சோல் சொன்ன காரணம்: வெளிநாட்டு ஆடுகளங்களில் அவரை ஆல்ரவுண்டராகக் கருதமுடியாது, பேட்ஸ்மேனாக மட்டும் பார்த்தால் வேறு நல்லவர்கள் இருக்கிறார்கள். கிரிக்கெட் தர்க்கமாக இதை முழுக்கத் தள்ளமுடியாது. அவருடைய மிதவேகப் பந்து ஆங்கில ஈரக்காற்றில்தான் அதிகம் வளையும். இன்னொரு பேட்ஸ்மேன் காலின் மில்பர்னும் விடுபட்டிருந்தார். ஆனால் ஓவலில் விலகிய பிரிடோவுக்கு இடம் இருந்தது, அவர் இடத்தில் வந்து 158 அடித்தவருக்கு இல்லை. வூஸ்டரில் கவுண்டி ஆட்டம் ஒன்றில் சதம் அடித்துவிட்டு உடைமாற்றும் அறையில் வானொலிச் செய்தி கேட்ட டொலிவெரா உடைந்து அழுதார்.

தேர்வாளர்கள் நிறவெறியர்களா என்று கேட்டால், நான் அப்படிச் சொல்லமாட்டேன். அந்த அறையில் எல்லோரும் பயணம் நடக்கவேண்டும் என்று விரும்பினார்கள். என்ன செய்தால் நடக்கும் என்று சிலருக்கு உறுதியாகவே தெரியும். அப்படியொரு அறையில் 'ஆட்டத் தகுதி' என்ற தராசு நேராக நிற்காது.

பிறகு நடந்ததை யாரும் திட்டமிட்டிருக்க முடியாது. செப்டம்பர் 16 அன்று, பயண அணியில் இருந்த பந்துவீச்சாளர் டாம் கார்ட்ரைட் தோள்பட்டைக் காயத்தால் விலகினார், பதிலாக டொலிவெராவை எடுத்தார்கள். பந்துவீச்சாளருக்குப் பதில், மூன்று வாரம் முன்பு 'பேட்ஸ்மேன் மட்டும்' என்று சொல்லப்பட்டவர்! இந்த முரணை ஃபோர்ஸ்டர் பற்றிக்கொண்டார். மறுநாள் ப்ளூம்ஃபான்டீன் கட்சி மாநாட்டில், இது எம்.சி.சி. அணி இல்லை, நிறவெறி எதிர்ப்பு இயக்கத்தின் அணி, ஏற்கமுடியாது என்று முழங்கினார். செப்டம்பர் 24-ல் எம்.சி.சி. பயணத்தை ரத்து செய்தது.

உடனே எல்லாம் மாறிவிடவில்லை, இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். டிசம்பரில் எம்.சி.சி. உறுப்பினர் சிறப்புக் கூட்டத்தில் கிரிக்கெட் வீரர்கள் டேவிட் ஷெப்பர்டும் மைக் பிரியர்லியும் ஆதரித்த கண்டனத் தீர்மானம் தோற்றது. 1970-ல் தென்னாப்பிரிக்கா இங்கிலாந்து வருவதற்கான ஏற்பாடும் நடந்துகொண்டிருந்தது, லார்ட்ஸைச் சுற்றி முள்கம்பி போட்டார்கள். நிறவெறி எதிர்ப்பாளர் பீட்டர் ஹெய்ன் முன்னெடுத்த போராட்டமும், கடைசியில் பிரிட்டிஷ் உள்துறை அமைச்சர் காலகன் விடுத்த வேண்டுகோளும்தான் அதை நிறுத்தின. அடுத்த ஆண்டு ஆஸ்திரேலியாவும் அழைப்பை விலக்கிக்கொண்டது. ஆக, 1968 கதவைத் திறந்து உள்ளே இருப்பதைக் காட்டியது. கதவைச் சாத்தியவர்கள் தெருவில் நின்றவர்கள். 1970 மார்ச்சுக்குப் பிறகு தென்னாப்பிரிக்கா அடுத்த டெஸ்ட் ஆடியது 1992-ல். தென்னாப்பிரிக்காவின் வெள்ளையர் பேட்ஸ்மேன் பேரி ரிச்சர்ட்ஸ் 4 டெஸ்டோடு நின்றார். அவரைப் பற்றி வருந்துகிறவர்கள், ஒரு டெஸ்ட்கூட ஆடாமல் பாய்த்தரையிலேயே முடிந்துபோன டொலிவெராவின் தோழர்களையும் சேர்த்து எண்ணவேண்டும்.

இன்னும் இரண்டு திருத்தம். 'இங்கிலாந்துக்கு ஆடிய முதல் வெள்ளையரல்லாதவர்' அவர் இல்லை. ரஞ்சித்சிங்ஜி 1896-லேயே ஆடிவிட்டார். டொலிவெரா போராளியும் இல்லை. மேடையில் பேசமாட்டார், அரசைத் திட்டமாட்டார். இதற்காக நிறவெறி எதிர்ப்பாளர்களில் சிலர் அவர்மேல் கோபப்பட்டார்கள். அவர் கேட்டதெல்லாம் தகுதி இருந்தால் எடுங்கள் என்பதுதான், அந்த ஒன்றிலிருந்து அவர் பின்வாங்கவே இல்லை.

ரத்தான பயணத்துக்குப் பதில் இங்கிலாந்து இலங்கை வழியாகப் பாகிஸ்தான் சென்றது. டாக்காவில், வெடித்துப்போன ஆடுகளத்தில் அவர் ஆட்டமிழக்காமல் எடுத்த 114-தான் பேட்டிங் நுணுக்கத்தில் அவருடைய மிகச் சிறந்தது என்பேன். நேரம் இருந்தால் 158-க்கு முன் அதைப் பற்றிப் படியுங்கள். 1972-ல் டெஸ்டிலிருந்து விடைபெற்று, 1980-களில் வூஸ்டர்ஷயரின் பயிற்சியாளராக 1988, 1989 இரண்டு ஆண்டும் கவுண்டி பட்டம் வாங்கித்தந்தார். 2011 நவம்பரில் இறந்தார். 2004 முதல் இங்கிலாந்து, தென்னாப்பிரிக்க டெஸ்ட் தொடரின் கோப்பை அவர் பெயரில் இருக்கிறது. பேரன் பிரெட் டொலிவெரா அதே வூஸ்டர்ஷயருக்கு ஆடி, அதன் கேப்டனாகவும் ஆனார்.

தடை நீங்கிய பின் தென்னாப்பிரிக்காவுக்கு ஆடிய முதல் வெள்ளையரல்லாத டெஸ்ட் வீரர் ஓமர் ஹென்றி. 1992 நவம்பரில் டர்பனில் இந்தியாவுக்கு எதிராக அவர் தொப்பி வாங்கியபோது வயது 40. டொலிவெரா கடைசி டெஸ்ட் ஆடிய அதே வயது.